எதிர்மறை வலுவூட்டலா, தண்டனையா?

உளவியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். 'எதிர்மறை வலுவூட்டல்' என்றதும் திட்டு, அடி என்று மனம் போய்விடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னது வேறு. வலுவூட்டல் என்றால் ஒரு செயலை இன்னும் அதிகமாகச் செய்ய வைப்பது. இங்கே எதிர்மறை என்பது கெட்டதைக் குறிக்கவில்லை, ஒன்றை நீக்குவதைக் குறிக்கிறது.

காரில் உட்கார்ந்ததும் பீப் சத்தம் விடாமல் கத்துகிறது. பெல்ட் 'டக்' என்று மாட்டியதும் அடங்கிவிடுகிறது. நாலு நாள் போனால் சத்தம் வருமுன்பே கை பெல்ட்டைத் தேடும். தொல்லை விலகியதால் ஒரு செயல் கூடுகிறதே, அதுதான் எதிர்மறை வலுவூட்டல்.

தண்டனை செயலைக் குறைக்கும். ஹெல்மெட் இல்லாமல் போய் அபராதம் கட்டியவர் அப்புறம் அப்படிப் போவது குறைந்தால், அது தண்டனை. சேட்டைக்காகப் போனைப் பிடுங்கி, சேட்டை குறைந்தால் அதுவும் தண்டனையே, இத்தனைக்கும் அங்கே ஒன்று நீக்கப்படுகிறது! அதனால் முதலில் பார்க்க வேண்டியது செயல் கூடியதா, குறைந்ததா என்பதைத்தான்.

இது வெறும் தேர்வுக் கேள்வி இல்லை. மேடைக்குப் பயந்து பேச்சுப் போட்டியைத் தவிர்க்கும் பிள்ளைக்கு உடனே படபடப்பு தணிகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்கிறது, இதுவும் எதிர்மறை வலுவூட்டலே. பதற்றத்துக்கான சிகிச்சையில் பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது இந்தச் சங்கிலியை அறுக்கத்தான்.