சூரியக்காற்றுக்கு வழியில் அடுப்பு மூட்டுவது யார்?

ஏ.எல். பௌதிகவியல் படிக்கிற மருமகன், வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் கல்லில் குந்தியிருந்தபடி கேட்டான்: "மாமா, வாயு விரிஞ்சா ஆறத்தானே வேணும்? பிறகெப்பிடி சூரியக்காத்து பூமிக்குக் கிட்டவும் ஒரு இலட்சம் கெல்வினில நிக்குது?"

நல்ல கேள்வி. சூரியக்காற்று என்பது சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே பாயும் புரோத்தன், இலத்திரன் கூட்டம். சைக்கிள் ரியூப்பில் காற்றை இறக்கும்போது வால்வு சில்லிடுகிறதே, அதுபோல இதுவும் விரிய விரியக் குளிர வேண்டும். சூரியனிலிருந்து பூமியின் தூரத்தில் 0.3 பங்கில் தொடங்கிப் பூமி வரை வருவதற்குள் புரோத்தன்களின் வெப்பநிலை ஐந்தில் ஒன்றாக விழ வேண்டும் என்பது கணக்கு. 1970களில் ஹீலியோஸ் விண்கலங்கள் அளந்து பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் விழுந்திருக்கிறது.

அப்போ வழியில் சூடேற்றும் விறகு எது என்பதில் பெரிய சண்டை இல்லை, கொந்தளிப்புத்தான். பெரிய அலை உடைந்து சின்னதாகி, அதுவும் உடைந்து, கொந்தளிப்புக்கு ரஷ்யக் கணிதர் கொல்மகோரொவ் சொன்ன அதே −5/3 சரிவில், மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு) கூடக் கூடச் சக்தி கீழே இறங்குகிறது. பூமிக்கு அருகில் ஏறக்குறைய அரை ஹேர்ட்ஸில் அந்தச் சரிவு சட்டென்று செங்குத்தாகிறது. அங்கே அலையின் அளவு புரோத்தனின் சுழல் ஆரையை, அதாவது காந்தப்புலத்தைச் சுற்றி அது போடும் வட்டத்தின் ஆரையை, தொட்டுவிடுகிறது: கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து கண்டிக்கு நேர்கோடு போட்ட மாதிரி. ஆனால் இங்கே துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம், சாதாரண உராய்வு என்று சொல்லித் தப்ப முடியாது. அப்படியென்றால் விறகைப் பற்ற வைப்பது யார்?

முதல் ஆள் சைக்ளோட்ரான் பரிவு. அலையின் மீடிறனும் புரோத்தன் காந்தப்புலத்தைச் சுற்றும் மீடிறனும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல சக்தி ஏறும், அதுவும் புலத்துக்குக் குறுக்குத் திசையில். வேகமான காற்றில் அப்படித்தான் சூடேறுகிறது, ஈலியக் கருக்கள் புரோத்தனைவிட நாலு மடங்கும் அதற்கு மேலும் சூடாக இருப்பதற்கும் இது ஒத்துவருகிறது. கேட்க அழகு. கரைச்சல் என்னவென்றால், கொந்தளிப்பு உடையும்போது அலைகள் புலத்துக்குக் குறுக்கே மெலிகின்றனவே தவிர மீடிறன் பெரிதாக ஏறுவதில்லை, ஊஞ்சலைத் தள்ள வேண்டியவர் அரைத் தூக்கத்தில் நிற்கிறார். நாசாவின் பார்க்கர் விண்கலம் சூரியனுக்குக் கிட்ட புரோத்தன் சுற்றும் மீடிறனையொட்டி ஆடும் அலைகளை நிறையவே பார்த்திருக்கிறது, சரி, அங்கே இவருக்கு வேலை இருக்கலாம்.

இரண்டாவது லாண்டவ் தணிவு. அலையோடு ஒரே வேகத்தில் ஓடும் துணிக்கை, வெள்ளவத்தைக் கரையில் பலகையோடு அலையில் ஏறும் பொடியன் மாதிரி, அதிலிருந்து சக்தியை எடுத்துக்கொள்ளும். ஆனால் இது புலம் போகும் திசையில்தான் சூடாக்கும், புரோத்தன் கேட்பதோ குறுக்கே. எனவே புரோத்தன் கணக்கில் இவரை நான் எடுக்கமாட்டேன், இலத்திரன்களுக்கு இவர்தான் நல்ல பொருத்தம். பூமியின் காந்தமண்டலத்துக்கு வெளியோரத்தில் நாசாவின் எம்எம்எஸ் விண்கலங்கள் இலத்திரன்களில் இதன் தடயத்தையே பிடித்துவிட்டன.

அப்புறம் எழுந்தமானச் சூடேற்றம், என்னுடைய வாக்கு இதற்குத்தான். பரிவு ஒன்றும் தேவையில்லை. சுழல் ஆரை அளவிலேயே அலைகள் போதிய பலமாக இருந்தால் புரோத்தனின் வட்டப்பாதை குலைந்து, கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஓட்டோ போகிற போக்காகிவிடும். விளைவு குறுக்குச் சூடு, பாரமான அயன்களுக்குக் கூடுதல் சூடு, அதாவது முதல் ஆளின் இரண்டு கெட்டித்தனமும் மீடிறன் தலையிடி இல்லாமல். குறையைச் சொல்லாமல் விட்டால் வாக்கு கள்ள வாக்காகிவிடும்: அலையின் பலம் கொஞ்சம் குறைந்தாலே சூடேற்றம் மளமளவென்று விழுந்துவிடும், பூமிக்குக் கிட்ட அலைகளோ சூரியனுக்கு அருகில் இருப்பதைவிடப் பலம் குறைந்தவை.

காந்தப்புலக் கோடுகள் அறுந்து வேறுவிதமாக ஒட்டும்போது சக்தி வெளிவருகிறது என்னும் காந்த மீளிணைப்புக்காரர், அது நடக்கும் மெல்லிய மின்னோட்டத் தாள்களைக் காட்டுவார்கள். அந்த இடங்களில் காற்று சூடாக இருப்பது தரவில் தெரிவது உண்மைதான், ஆனால் மொத்த இடத்தில் அவை சிறு பங்கு. தாளுக்குள்ளே துணிக்கைக்குச் சூட்டைக் கொடுப்பதும் மேலே சொன்ன மூவரில் ஒருவராக இருக்கலாமே என்று கேட்டால் பேச்சு சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கு வருகிறது.

மருமகன் விடவில்லை. "அப்ப ஏன் மாமா இன்னும் முடிவெடுக்கேல்ல?" ஒற்றைக் கலம் தன்மேல் ஓடிப்போகும் ஒரேயொரு கோட்டைத்தான் பார்க்கும். அலை குறுக்கே மெலிகிறதா, நீளவாக்கிலா என்பதை அதால் நேரே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் நாசா 2022இல் ஒன்பது கலங்கள் கூட்டமாகப் பறக்கும் ஹீலியோஸ்வார்ம் திட்டத்தைத் தெரிவு செய்தது. ஒன்பதா என்று அவன் வாயைப் பிளக்கும்போது, பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் வந்து பேச்சை மூடிவிட்டது.