ஆர்சி பாய்மரப் படகுக்கு அலங்கார வேலை: 640 பவுண்டு கொடுத்து நான் ஏமாந்த கதை

லண்டனில் ரிமோட்டில் ஓடும் சிறிய மாதிரிப் பாய்மரப் படகு (ஆர்சி) ஓட்டும் நம்மவர்கள் சிலர் இருக்கிறீர்கள். படகின் தளத்தில் நுணுக்க வேலை செய்ய நேரமில்லாமல் வெளியே கொடுக்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது எண்டெவர் என்ற படகின் மாதிரி, 1:35 அளவு, அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. சாப்வித் கேமல் போர் விமானம் நினைவிருக்கிறதா? அதைத் தயாரித்த தாமஸ் சாப்வித், 1934 அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் பந்தயத்துக்காக இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் கட்ட வைத்த ஜே கிளாஸ் என்ற பெரிய பந்தய வகைப் படகு. முதல் இரண்டு ஓட்டங்களை வென்றுவிட்டு, அடுத்த நான்கையும் அமெரிக்கப் படகு ரெயின்போவிடம் கோட்டை விட்டது. தோற்றால் என்ன, அதன் அழகு வேறு எதற்கு வரும்? அசல் முப்பத்தொன்பதரை மீட்டர் நீளம். என்னுடையது 113 சென்டிமீட்டர். கென்சிங்டன் ரவுண்ட் பாண்ட் குளத்தில் இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. ஆனால் தளம் மொட்டையாக இருந்தது. அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

இணையத்தில் ஒரு பட்டறை கிடைத்தது. பெயர் சொல்லப் போவதில்லை. 'அருங்காட்சியகத் தரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, வாயைப் பிளக்க வைக்கும் படங்கள் வைத்திருந்தார்கள். மரப்பலகைத் தளம், வின்ச்சுகள் (கயிறு சுற்றி இழுக்கும் உருளைகள்), மாலுமி பொம்மைகள், பாயில் அசல் படகின் ஜேகே4 எண், பின்புறத்தில் பெயர், எல்லாம் சேர்த்து 640 பவுண்டு. முன்பணம் 140ஐக் கிரெடிட் கார்டில் கட்டினேன். மீதி 500ஐ வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் தள்ளுபடி உண்டு என்றார் பட்டறைக்காரர். அனுப்பினேன். தள்ளுபடி வரவில்லை என்பது தனிக்கதை.

மூன்று வாரம் என்றது நான்கு மாதம் ஆனது. பெட்டியைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது மாலுமிகள். பளீரென்ற ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில், 1934 படகின் மேல்! அளந்து பார்த்தேன்: ஏழு சென்டிமீட்டர். முப்பத்தைந்தால் பெருக்கினால் எட்டடிக்கு மேல். தளத்துப் பலகை ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டர் அகலம். அசலில் அது பதினேழரை சென்டிமீட்டர் ஆகிவிடும். படகுத் தளமா, கல்யாண மண்டப மேடையா? இந்த அளவில் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினாலே கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். பலகை இடுக்குகளின் கறுப்புக் கோடு மார்க்கர் பேனாவால் போட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், விரலில் ஒட்டியது. பாயில் எண்ணை ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தார்கள். மறுபக்கம் வெளிச்சத்தில் அது கண்ணாடி பிம்பமாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், வலப்பக்க எண் சற்று மேலே இருக்க வேண்டும் என்பது பாய்ப்படகுக்காரர்களுக்கு அரிச்சுவடி.

இதெல்லாம் பார்வைக்குறை, பொறுத்துக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் விட்டபோதுதான் வயிறு கலங்கியது. காற்று பெரிதாக இல்லை. இருந்தும் படகு ஒருக்களித்துப் படுத்தது, எழவே யோசித்தது. கரையில் வழக்கமாக நிற்கும் பெரியவர் ஒருவர் வின்ச் ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "இது கண்ணாடிப் பெட்டிக்குச் செய்த சாமான் தம்பி" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஈயம் போன்ற வார்ப்பு உலோகம். வீட்டில் சமையல் தராசில் போட்டேன். தளத்துக்கு மேலே மட்டும் 410 கிராம் ஏற்றியிருக்கிறார்கள். நீர்மட்டக் கோடு கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தது.

எடை ஏன் இவ்வளவு படுத்துகிறது? படகை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் பாயின் பரப்பு 35 × 35 மடங்கு குறையும். எடையோ 35 × 35 × 35 மடங்கு குறையும். காற்று மட்டும் சுருங்காது. அதனால்தான் ஓட்டுகிற மாதிரிகளுக்கு அடியில் மீன் துடுப்பு போன்ற கூடுதல் தகடும் ஈயமும் மாட்டுகிறோம். அந்த மகானுபாவர் பாய்மர உச்சியிலும் 20 கிராம் பித்தளை மாட்டியிருந்தார். தளத்திலிருந்து உச்சி சுமார் 1.4 மீட்டர். அதைச் சமன் செய்ய, தளத்துக்கு 25 சென்டிமீட்டர் கீழே இன்னும் 110 கிராம் ஈயம் வேண்டும். ஓடும் படகுக்கு வேலை செய்பவர் பிளாஸ்டிக், பால்சா என்ற லேசான மரம், அட்டை என்று கிராம் கணக்குப் பார்ப்பார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. 'அழகுக்காக' தளத்து மூடியைச் சுற்றியிருந்த, தண்ணீரைத் தடுக்கும் விளிம்பைச் செதுக்கி எடுத்திருந்தார்கள். தண்ணீர் நேராக, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் மேல் இறங்கியது. முன்பாயின் கயிறு ஓடும் கப்பியில் சூப்பர் குளூ வழிந்து இறுகியிருந்ததால், பாய்க்கயிற்றை இழுக்கும் மோட்டாரான வின்ச் சர்வோ இழுத்து இழுத்துக் கருகியது. மார்க்கர் மை பலகையில் பரவி, தளம் முழுக்கச் சாம்பல் நிறம்.

போன் செய்தேன். "கஸ்டம் ஆர்டர் சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார். இங்கேதான் பலர் அடங்கிவிடுகிறோம். சொல்லிச் செய்வித்த பொருளுக்கு 14 நாள் மனம் மாறும் உரிமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் சொன்னபடி இல்லாத பொருளுக்கும் கவனமில்லாமல் செய்த வேலைக்கும் பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அவர் பொறுப்பு. பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க 30 நாள் உண்டு. நான் பத்தொன்பதாம் நாளே எழுத்தில் அனுப்பினேன். பதில் இல்லை. அவர் காட்டிய படங்களைப் படத்தேடலில் போட்டால், வேறொருவர் பல வருடம் முன்பு ஏற்றிய படங்கள்.

என்னைக் காப்பாற்றியது அந்த 140 பவுண்டுதான். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்து, ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேராகக் கட்டியிருந்தால், முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. எடைப் பட்டியல், படங்கள், மின்னஞ்சல் எல்லாம் கொடுத்தேன். ஏழு வாரத்தில் 640ம் வந்தது. கருகிய சர்வோவுக்கு வரவில்லை.

வேலை கொடுப்பதாக இருந்தால், அவர் செய்த படகு தண்ணீரில் ஓடும் காணொளியைக் கேளுங்கள், கூடப் போகும் எடையை எழுத்தில் வாங்குங்கள். வங்கிப் பரிமாற்றம் என்று சொன்னால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

இப்போது ஹேர் டிரையரால் பசையை இளக்கிப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆரஞ்சு ஜாக்கெட் ராட்சதர்கள் சமையலறை ஜன்னலில், கறிவேப்பிலைத் தொட்டிக்குக் காவல் நிற்கிறார்கள்.