டீசல் வெப்பநிலை சென்சாரைப் பிடித்துக் கொடுத்த ஓபிடி ஸ்கேனர்: நீண்ட நாள் அனுபவம்

டீசல் கார் வைத்திருப்பவர்கள் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (காரில் செருகினால் அதன் கம்ப்யூட்டர் தகவலை போனில் காட்டும் சிறு கருவி) ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எரர் கோடு படிக்க மட்டும் என்றால் வேண்டாம். சென்சார்கள் அந்த நேரத்தில் என்ன அளவு காட்டுகின்றன என்று பார்க்க முடிவதுதான் இதன் பெரிய பலன்.

என் வண்டி கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை நன்றாகவே ஓடும். ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறும்போதுதான் இழுவை இருக்காது. அங்கே 40 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி வெயிலில் இரண்டாம் கியரிலேயே திணறும். டீசல் ஃபில்டர் மாற்றியும் பலனில்லை. "பம்ப் வேலையா இருக்கும்ங்ணா, எறக்கிப் பாத்தரலாமுங்களா?" என்றார் பட்டறைக்காரர். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் ஹை பிரஷர் பம்ப்பில் கை வைத்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் ஸ்கேனரைச் செருகினேன்.

பி0181 என்ற எரர் கோடு வந்தது. டீசல் வெப்பநிலை அளவு நம்பும்படி இல்லை என்று அர்த்தம். பி0182, பி0183 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு, மிக அதிகம். அங்கே ஷார்ட், அறுந்த வயர் என்று தேட வேண்டும். எந்தக் கோடு வந்தாலும் உடனே சென்சாரை மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். கூலன்ட், உள்ளே போகும் காற்று, டீசல் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். எனக்கு முதல் இரண்டும் 24, 25 டிகிரி. டீசல் மட்டும் 61! டீசல் சூடாகச் சூடாக இளகும், பம்ப்புக்குக் கிடைக்கும் வழவழப்பும் குறையும். அதனால் சூடு எல்லை மீறினால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டீசலைக் குறைத்து பம்ப்பைக் காப்பாற்றப் பார்க்கும். பொய்யான சூட்டை நம்பி அது அப்படிச் செய்ததால்தான் மலையில் இழுவை போனது.

அடுத்து சென்சாரின் வயர் கப்ளரைக் கழற்றினேன். அளவு மைனஸ் 40-க்கு இறங்கியது. அப்படியென்றால் வயரிங்கில் ஷார்ட் இல்லை. (சில கார்களில் ஈசியூ தானே ஒரு மாற்று அளவைக் காட்டிவிடும், கவனம்.) பிறகு மல்டிமீட்டரைச் சென்சாரின் இரண்டு பின்னிலும் வைத்தேன். இது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்கும் வகை. என் வண்டியின் சர்வீஸ் மேனுவல்படி 25 டிகிரியில் சுமார் 2,000 ஓம் இருக்க வேண்டும். இருந்தது 600-க்குக் கீழே. குற்றவாளி சென்சாரேதான்.

புதிதாகப் போட்டபோது ஓ-ரிங்கையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றி, டீசல் லைனில் புகுந்த ஏரை எடுத்தோம். பம்ப்பைத் தொடவே இல்லை. அதே வளைவுகளில் இப்போது நிறைந்த இழுவை. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறை என்று பார்த்தால், இலவச ஆப் பலவற்றில் டீசல் வெப்பநிலை வருவதில்லை. கார் கம்பெனியின் தனித் தரவைப் படிக்கும் ஆப் வேண்டும். அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். வண்டி பல நாள் சும்மா நின்றால் பேட்டரியை இறக்கிவிடும்.