கோன் 6 என்று சொல்லி 06இல் சுட்டுக் கொடுத்தார்: போன்சாய் தொட்டி செய்பவர்கள் கவனத்துக்கு

கையால் போன்சாய் தொட்டி செய்து, சொந்தச் சூளை இல்லாமல் வெளியில் சுடக் கொடுப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கேட்ட சூட்டுக்குப் போகாமல் குறைந்த சூட்டில் சுட்டுக் கொடுத்ததால் என் நாலு மாத வேலை வீணானது. அதைவிட, என்னை நம்பி வாங்கிய ஆறு பேரின் மரங்கள் கெட்ட தொட்டியில் போய் உட்கார்ந்தன. அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது. சூளைக்காரர் யார், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

நான் கோயம்புத்தூர். சக்கரத்தில் வனைவதில்லை, தகடு தட்டித்தான் செய்கிறேன். மண்ணை 8 மி.மீ. கனத்துக்கு உருட்டி, அளவுக்கு வெட்டி, தோல் பதம் (வளையாமல், ஆனால் ஈரம் மிச்சமிருக்கும் பதம்) வரும்வரை விட்டு, ஓரங்களைக் கீறி, மண் கூழ் தடவி ஒட்டுவேன். சட்டி பானைக்கு இல்லாத ஒரு தொல்லை போன்சாய் தொட்டிக்கு உண்டு. நீளம் 40 செ.மீ. இருக்கும், ஆழம் 5 செ.மீ.தான். அவ்வளவு பெரிய தட்டையான அடி காயும்போது முறுக்கிக்கொள்ளும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் காய்ந்துவிடும், மறுபக்கம் ஈரமாகவே இருக்கும், மூலையில் மயிரிழை விரிசல் விழும். அதனால் செய்தித்தாள் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, தினமும் திருப்பித் திருப்பி வைத்து மூன்று வாரம் காயவிடுவேன். வடிகால் துளை, மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிக்குத் துளை, அடியில் காற்றுப் போகக் கால்கள் எல்லாம் பார்த்துப் பார்த்து, ஆடியில் தொடங்கி ஐப்பசியில் 14 தொட்டிகளை முடித்தேன்.

எல்லாமே கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு, பூசாதவை. ஜப்பானின் டோகோனாமே தொட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூசாத மண்ணின் அந்தப் பழுப்பு நிறம் மரத்தின் பட்டையோடு எவ்வளவு பாந்தமாகச் சேரும் என்று. நான் வாங்குவது இரும்புச் சத்துள்ள ஸ்டோன்வேர் மண். 1,000 டிகிரியில் அது செங்கல் நிறத்தில், தண்ணீர் குடிக்கும் மண்ணாகவே இருக்கும். 1,220ஐத் தொட்டால்தான் உள்ளுக்குள் உருகி இறுகி, அடர் பழுப்பாகிக் கல் போல ஆகும்.

நம் ஊரில் பனி உறைந்து தொட்டி வெடிக்கப் போவதில்லையே, குறைந்த சூட்டில் சுட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. தண்ணீரில் இருக்கும் உப்பும் உரத்தின் உப்பும் சுவருக்குள் ஊறி, வெளிப்பக்கம் வந்து காய்ந்து படிகமாகும். அந்தப் படிகம் வளர வளர மண்ணை உள்ளிருந்து தள்ளிச் செதில் செதிலாக உரிக்கும். சின்னத் தொட்டியில் இருக்கும் கொஞ்சம் ஈரமும் கோடையில் சுவர் வழியாகவே போய்விடும். ஆல், இத்தி மாதிரி வேர் முரட்டுத்தனமாகத் தள்ளும் மரமாக இருந்தால் தொட்டி பிளந்தே போகும்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். வழக்கமாக நான் சுடக் கொடுக்கும் இடத்தில் அடுப்புக் கம்பிகள் போய்விட்டன. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்த இன்னொரு மின்சூளைக்குக் கொண்டுபோனேன். தொட்டிக்கு 400 ரூபாய், 14க்கு 5,600. முழுப் பணமும் முன்னாலேயே கேட்டார், கொடுத்தேன். கோன் 6 வரை போக வேண்டும் என்று அவர் எதிரிலேயே தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கோன் என்பது மூன்று பக்கமுள்ள குட்டிக் கூம்பு. சூளைக்குள் நிறுத்தி வைத்தால், மண்ணுக்குச் சேர வேண்டிய சூடு சேர்ந்ததும் தலை கவிழும். வெளியே இருக்கும் மீட்டரில் எந்த எண் ஓடினாலும், உள்ளே நடந்ததற்குச் சாட்சி அதுதான். எண்ணில் மட்டும் ஒரு விஷயம் இருக்கிறது. கோன் 6 என்றால் சுமார் 1,220 டிகிரி. முன்னால் ஒரு சுழியம் சேர்ந்து 06 ஆகிவிட்டால் சுமார் 1,000 டிகிரிதான். புதிதாகப் பழகுகிறவர்கள் இதில் குழம்புவது சகஜம். சூளை வைத்துத் தொழில் செய்கிறவர் குழம்ப மாட்டார்.

சுட்டு முடித்த அன்று இரவே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கவிழ்ந்த கோனை இரண்டு விரலில் பிடித்திருந்தார், 6 என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. “சூப்பரா வந்திருக்குக்கா” என்று குரல் செய்தி வேறு. போய் எடுத்தபோது தொட்டிகள் நான் நினைத்த அதே அடர் பழுப்பில் இருந்தன. லேசாக வார்னிஷ் வாடை அடித்தது. கேட்டேன். “தூசி ஒட்டாம இருக்க மெழுகு போட்டுத் துடைச்சேன்க்கா” என்றார். அந்த வாடையை அன்றே துருவியிருக்க வேண்டும். ஸ்டோன்வேருக்கு எதற்கு மெழுகு?

மார்கழிக்குள் ஆறு தொட்டிகள் விற்றன. சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் இருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிட்டார். இருபது வருடத்துக்கு மேல் அவர் வளர்க்கும் புளியை என் தொட்டியில்தான் மாற்றி வைத்திருந்தார். கோபமே இல்லாமல், “தொட்டிக்கு வேர்க்குது அம்மணி. ஒரு எட்டு வந்து பாக்குறயா?” என்றார்.

மறுநாளே போனேன். தொட்டியின் வெளிச்சுவரில் பாதி உயரம் வரை வெள்ளை உப்புப் பூத்திருந்தது. கைவைத்தால் ஈரம். மூலையில் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான பழுப்புப் படலம் ஒன்று உரிந்து விரலோடு வந்தது. அதற்கு அடியில் அப்பட்டமான செங்கல் நிறம். கம்பித் துளையைச் சுற்றி மண் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் மரத்தில் ஒரு பக்கக் கிளை காய்ந்திருந்தது. வாத்தியார் அந்தக் கிளையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, விற்காமல் இருந்த எட்டையும் எடுத்து வைத்தேன். ஒவ்வொரு தொட்டியின் பச்சை மண் அளவையும் நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். என் மண் கோன் 6இல் 12 சதவீதம் சுருங்கும். அப்படியானால் 40 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய தொட்டி 35.2க்கு வந்திருக்க வேண்டும். அளந்தால் 37.4. அந்தச் சுருக்கம் பெரும்பாலும் காய்ந்ததிலேயே வருவது. அப்புறம் வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போட்டேன்: 1,840 கிராம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி போட்டால் 2,060. அதாவது 12 சதவீதம் தண்ணீர் குடித்திருக்கிறது. இதே மண்ணில் நான் முன்பு சரியாகச் சுட்ட சோதனை வில்லை 2 சதவீதம்கூடக் குடிக்கவில்லை. ஒன்றை உடைத்து, உடைந்த இடத்தை நாக்கில் வைத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

பிறகுதான் அந்தக் கோன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்ணுக்கு இடப்பக்கம் அவர் கட்டைவிரல் இருந்தது. நகத்தின் ஓரத்தில், வளைந்த கோடு ஒன்று கொஞ்சமாக வெளியே தெரிந்தது. சுழியம்.

போன் செய்தேன். முதலில் “உங்க மண்ணு அப்படிக்கா” என்றார். அளவையும் எடையையும் சொன்னேன். “கரண்டு பில் எவ்வளவு வருதுன்னு தெரியுமாக்கா? வேற ஒருத்தரோட சுடுமண் சாமானும் கூட இருந்துச்சு” என்றார். ஸ்டோன்வேர் சூட்டுக்குப் போனால் அந்தச் சாமான் உருக்குலைந்துவிடும். ஆகவே எல்லாரையும் ஒரே சூட்டில் முடித்துவிட்டு, என்னிடம் மட்டும் பெரிய சூட்டுக்கான பணம் வாங்கி, மேலே நிறம் பூசிக் கொடுத்திருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பிறகு விசாரித்ததில் இன்னும் இரண்டு பேருக்கு அதே படம் போயிருக்கிறது. அதே கோன், அதே கட்டைவிரல்.

ஆறு பேரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மண் நிரப்பி உப்பு ஏறிய தொட்டிகளைத் திரும்பச் சுட எனக்குத் துணிவில்லை. மரம் வைக்காத மீதி ஏழு தொட்டிகளையும் புதுச்சேரியில் ஒரு தோழியின் சூளைக்குக் கொண்டுபோனேன். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கியதிலிருந்து ஸ்டோன்வேர் கை பழகிய ஊர் அது. இந்த முறை என் கோன்களை நானே கொண்டுபோய், மேல் தட்டிலும் நடுவிலும் கீழேயும் நிறுத்தினேன். வார்னிஷ் எரிந்து போனது. ஏழில் ஆறு நன்றாக இறுகி வந்தன, சுண்டினால் மணி மாதிரி கேட்கிறது. ஒன்று அடி வளைந்துவிட்டது.

வெளியில் சுடக் கொடுக்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கோனை நீங்களே வாங்கி, அடியில் உங்கள் குறி ஒன்று கீறிக் கொடுங்கள். படம் வேண்டாம், கவிழ்ந்த கோனையே திருப்பி வாங்குங்கள். அதே மண்ணில் 10 செ.மீ. கோடு கிழித்த ஒரு வில்லையையும் கூட வையுங்கள், வந்ததும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கிளேஸ் பூசியிருந்தால் உருகாமல் மாவாகக் காட்டிக் கொடுத்திருக்கும். பூசாத தொட்டியில்தான் இந்த ஏமாற்று செல்லும். போன வருடம் கட்டைவிரல் தெரியும் கோன் படம் யாருக்காவது வந்திருந்தால், தயவுசெய்து இன்றே ஒரு தொட்டியை ஊறவைத்து எடை பாருங்கள். மரம் இருந்தால் மழைக்குக் காத்திருக்காமல் வேருக்குச் சேதமில்லாமல் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

வாத்தியாரின் புளி இப்போது ஒரு பிளாஸ்டிக் தட்டில், நிழலில் இருக்கிறது. காய்ந்த கிளைக்குக் கீழே இரண்டு துளிர் விட்டிருப்பதாக நேற்றுச் சொன்னார். அதற்கான புதுத் தொட்டி என் வீட்டு அலமாரியில், செய்தித்தாளுக்குள் காய்ந்துகொண்டிருக்கிறது. பச்சை மண் அளவு 42 செ.மீ., நோட்டில் எழுதியிருக்கிறேன்.