மலைக்காருக்கு லைட் ஃபிளைவீல் தேவையா? இரண்டையும் போட்டு ஓட்டியவனின் கணக்கு

கொட்டகலையிலிருந்து நுவரெலியாவுக்குத் தினமும் போய்வரும் என் 98ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக்கின் கியர்பொக்ஸை இதுவரை இரண்டு தடவை இறக்கியாயிற்று. முதல் தடவை ஆசைக்காக, லைட் ஃபிளைவீல் போட. (ஃபிளைவீல் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த இரும்புத் தட்டு, கிளட்ச் பிளேட் பிடிப்பது அதன் முகத்தைத்தான். லைட் என்றால் எடை குறைந்தது.) இரண்டாம் தடவை அந்த ஆசையைக் கழற்றுவதற்காக. நடுவில் ஓடியது பத்தொன்பது மாதம். அதனால் இதை நான் நடுநிலையாக எழுதவில்லை. என் சாய்வு கம்பனி ஃபிளைவீல், அதாவது காரோடு வந்த அசல் ஃபிளைவீல் பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

கதை எல்லோருக்கும் நடப்பதுதான். லிந்துலை தாண்டி ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடுகிறது, கார் கூடவில்லை. கராஜ் பாஸிடம், அதான் மெக்கானிக்கிடம், காட்டினால் ஒரே வார்த்தை: "கிளட்ச் பிளேட் முடிஞ்சி தம்பி." கியர்பொக்ஸ் எப்படியும் இறங்கத்தான் வேண்டும். கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான். அப்போது மனசு ஒரு கணக்குப் போடும் பாருங்கள்: 'இறக்கினதோடு நல்லதாகவே போட்டுவிடுவோமே.' அந்த 'நல்லது' எது என்று யோசிக்காமல் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய குரோமொலி (உறுதியான கலப்பு உருக்கு) லைட் ஃபிளைவீல் ஒன்றும், பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் கவர் அழுத்தம் கூடியதாக உள்ள ஸ்போர்ட்ஸ் கிளட்ச் செட் ஒன்றும் வாங்கி வந்தேன். பாஸ் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, ரேஸ் ஓடப் போறீங்களா, வேலைக்குப் போகப் போறீங்களா?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

இரண்டையும் மரக்கறிக் கடைத் தராசில் வைத்தோம். கம்பனி ஃபிளைவீல் 8 கிலோ 200. புதியது 4 கிலோ 300. கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, லீக்ஸ் பக்கத்தில் அதை வைத்ததுதான் அவருக்குக் கவலை.

நம் பக்கத்தில் கிளட்ச் மாற்றுகிறவர் முன் இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கம்பனி ஃபிளைவீலை லேத்தில் முகம் மட்டும் எடுத்து (மேலாகச் சீவிச் சமப்படுத்தி), எக்ஸெடி, ஐசின் மாதிரி கார் கம்பனிகளுக்கே செய்துகொடுக்கும் தயாரிப்பாளர்களின் சாதாரண செட்டைப் போடுவது. இரண்டு, நான் செய்தது: குரோமொலி லைட் ஃபிளைவீல், அழுத்தம் கூடிய கவர், வழக்கமான ஓர்கானிக் பிளேட். மூன்று, அலுமினிய ஃபிளைவீல், செரமிக் பட்டன் பிளேட். நாலாவதாக ஒரு நாட்டு வழியும் இருக்கிறது: இருக்கும் ஃபிளைவீலையே லேத்தில் கொடுத்துச் செதுக்கி எடை குறைப்பது. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பனி ஃபிளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்காது. மெலிந்துபோன ஒன்று நிமிடத்துக்கு 6000 சுற்றில் வெடித்தால், அது இருக்கும் இடம் உங்கள் பாதத்துக்கு நேர் முன்னால்.

மூன்றாம் வழியைப் பற்றி அதிகம் பேச எனக்கு உரிமை இல்லை. நண்பர் ஒருவருடைய காரில் ஒரே ஒரு நாள் ஓட்டினேன். செரமிக் பிளேட் ஒன்று பிடிக்கும், இல்லாவிட்டால் விடும். இரண்டுக்கும் நடுவில் நாம் 'ஹாஃப் கிளட்ச்' என்று சொல்லும் இடமே அதில் இல்லாத மாதிரி இருந்தது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர். அந்த ஈர ஏற்றத்தில் முன் டயர் சுற்றாமல் கிளம்ப அன்று முழுக்க எனக்கு வரவில்லை. நண்பருக்கு வருகிறது. பழக்கம் என்கிறார், இருக்கலாம்.

சரி, லைட் ஃபிளைவீலின் நல்ல பக்கம். பொய் சொல்லக்கூடாது, முதல் வாரம் காதல்தான். காலை வைத்தால் எஞ்சின் உடனே சீறுகிறது, எடுத்தால் உடனே அடங்குகிறது. இறக்கத்தில் நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது ஒரு சின்ன ரேஸ் கொடுத்தால் கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். நானுஓயாவிலிருந்து தலவாக்கலை வரைக்கும் இறங்கி வருவது தனி சுகம். எஞ்சின் பிரேக் கூடும் என்று சிலர் சொல்வது மட்டும் சரியில்லை. நீண்ட இறக்கத்தில் காரைப் பிடித்து வைப்பது எஞ்சினின் உராய்வும் காற்றை இழுக்கும் சிரமமும்தான். ஒரே வேகத்தில் இறங்கும்போது ஃபிளைவீல் எட்டுக் கிலோவா நாலு கிலோவா என்பது அங்கே கணக்கிலேயே வராது.

ஐடில் கொஞ்சம் நடுங்கியது, 900 சுற்றுக்குக் கூட்டி வைத்தோம். நியூட்ரலில் நிற்கும்போது கியர்பொக்ஸிலிருந்து மெல்லிய கலகலப்பு. பெற்றோலில் நான் வித்தியாசம் எதுவும் காணவில்லை. இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் ஒன்றே ஒன்று: ஏற்றத்தில் நின்று கிளம்புவது.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் டெவன் நீர்வீழ்ச்சி பார்க்கும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே உல்லாசப் பயணிகளின் வேன் ஒன்று நின்றால் பின்னால் பத்து வாகனம் நிற்கும். அதற்கப்புறம் சென் கிளேயர். பஸ் ஒன்று வளைவில் எதிரே வந்தால் ஏறுகிறவன்தான் நின்று வழிவிட வேண்டியிருக்கிறது. நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறி இறங்கும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்வரை ஏற்றத்தில் நின்று கிளம்பியது பதினேழு தடவை.

ஒவ்வொரு தடவையும் நடப்பது என்ன? கிளட்சை விடும்போது, அசையாமல் நிற்கும் காரை இழுக்கும் முதல் வேலையில் எஞ்சினுக்கு ஃபிளைவீல் கை கொடுக்கிறது, தான் சுற்றிச் சேர்த்து வைத்ததைக் கொஞ்சம் கொடுத்து. அந்தச் சேமிப்பு எடையோடு நேராகவும் சுற்றோடு வர்க்கமாகவும் போகும். என் பழைய ஃபிளைவீலை ஒரு தட்டு என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் 1500 சுற்றில் ஏறத்தாழ 900 ஜூல் வருகிறது. எடை பாதியானால் 450. பழைய 900 வேண்டும் என்றால் 1500க்குப் பதில் 2100 சுற்றில் வைத்துக் கிளட்ச் விடவேண்டும். நடைமுறையில் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். என் அக்கா ஒரு நாள் ஓட்டி, தலவாக்கலை டவுனில் மூன்று தடவை எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை என் மடியில் போட்டுவிட்டுப் போனா. இன்றுவரை அந்தக் காரைத் தொட்டதில்லை.

2100 சுற்றில் கிளட்ச் விட்டால் என்ன என்று கேட்கலாம். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் வேக வித்தியாசம் கூடுகிறது. வித்தியாசம் அழியும்வரை பிளேட் உரசுகிறது, உரசலெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் ஃபிளைவீலின் இரும்புதான். இரும்பு பாதியானால் அதே சூட்டுக்கு அது இரண்டு மடங்கு காய்கிறது. சூடும் கூடுகிறது, சூட்டை வாங்கும் பாத்திரமும் சிறுத்துவிட்டது. பதினேழு தடவை.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது, டியூனிங் பற்றி எழுதுகிறவர்கள் கடல்மட்டத்தில் உட்கார்ந்து எழுதுவதால் அவர்களுக்கு வராத ஒன்று. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் சுமார் ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு இளைத்துத்தான் ஓடும். நின்று கிளம்பும் நேரத்தில் எஞ்சின் ஏற்கெனவே பலம் குறைந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஃபிளைவீலின் கைகொடுப்பையும் நாமே காசு கொடுத்துக் குறைக்கிறோம்.

'ஆனால் ஏற்றத்தில் வேகம் கூடுமே' என்று நானும்தான் நம்பினேன். கணக்கைப் பிறகுதான் போட்டேன். எடை குறைந்த ஃபிளைவீல் உதவுவது எஞ்சினின் சுற்று கூடும்போது மட்டும். என் காரின் கியர் விகிதங்களை வைத்துப் பார்த்தால், முதல் கியரில் அது காரிலிருந்து 75, 80 கிலோ இறக்கிவிட்ட மாதிரி. ஒரு ஆளை இறக்கிவிட்டதற்குச் சமம், நல்ல லாபம். நாலாவது கியரில் அதே லாபம் ஆறேழு கிலோவுக்குச் சுருங்கிவிடும். றம்பொடை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முப்பதில் ஒரே சீராக ஏறும்போது? பூச்சியம். சீராகப் போகும் காருக்கு மேலே தூக்க வேண்டிய எடை ஒன்றுதான் கணக்கு. ஃபிளைவீலில் குறைந்த நாலு கிலோவை டிக்கியில் இருந்து ஒரு பை அரிசியை எடுத்தும் குறைக்கலாம்.

எனக்கு எப்படி முடிந்தது என்றால், பத்தொன்பது மாதத்தில் ஏறத்தாழ 22,000 கிலோமீற்றர். மறுபடி லிந்துலை ஏற்றத்தில் அதே வழுக்கல். இறக்கிப் பார்த்தபோது பிளேட் ஆணியைத் தொடும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஃபிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகள், மயிர் போல வெடிப்புகள். பாஸ் ஒன்றும் சொல்லவில்லை, விரலால் அந்த நீலத்தைத் தடவிக் காட்டினார். பழைய கம்பனி கிளட்ச் 90,000 ஓடியது என்பது எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சொன்னது, அதை அப்படியே நம்பி இரண்டையும் ஒப்பிடச் சொல்லமாட்டேன். என் காலிலும் பிழை இருந்திருக்கும். ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே காரைப் பிடித்து நிற்கும் பழக்கம் அப்போது எனக்கு இருந்தது. ஆனால் அந்தப் பழக்கத்தைப் பழைய ஃபிளைவீல் பொறுத்துக்கொண்டது, இது பொறுக்கவில்லை.

அழுத்தம் கூடிய கவர் இன்னொரு செலவையும் கொண்டுவந்தது. பெடல் பாரமாகி, பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொடுக்கும் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் ஒரு வருடத்துக்குள் கசியத் தொடங்கிவிட்டது. அதுவும் வயதான சிலிண்டர்தான், முழுப் பழியையும் கவரின் மேல் போடமாட்டேன். கேபிள் கிளட்ச் உள்ள கார் என்றால் கேபிளுக்கும் அதே தொல்லை வரும்.

விற்கும்போது என்ன ஆகும்? இதில் நீட்ட ஒன்றும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய காரை வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கப் பழகிவிட்டார்கள்: "கம்பனி கண்டிஷனா?" லைட் ஃபிளைவீல் என்றால் காரை ஓடவிட்டு அடித்திருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள்.

லைட் ஃபிளைவீல் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், ஏப்ரல் சீசனில் நுவரெலியா மஹகஸ்தொட்டை ஹில் கிளைம்புக்கு ஓடுகிறவர்களைக் காட்டுவேன். 1934இலிருந்து நடக்கும் போட்டி. அதுவும் ஏற்றம்தானே என்பீர்கள். ஆனால் அங்கே நின்று கிளம்புவது ஒரே ஒரு தடவை. மிச்சமெல்லாம் வளைவுக்கு வளைவு கீழ்க் கியரில் எஞ்சினை ஏற்றி இறக்குவது. முதல் இரண்டு கியரில் கிடைக்கும் லாபம் முழுதாய் அவர்களுக்குப் போய்ச் சேரும், நேரமும் கொஞ்சம் குறையும். கிளட்ச் ஒரு சீசனில் போனாலும் அவர்களுக்கு அது செலவுக் கணக்கில் முதலே எழுதியது.

டீசல் வேனுக்கோ, இரட்டை எடை ஃபிளைவீல் உள்ள புதிய கார்களுக்கோ என் அனுபவத்தை அப்படியே பொருத்தாதீர்கள். இரட்டை எடை ஃபிளைவீலுக்குள் எஞ்சினின் உதறலை வாங்கும் ஸ்பிரிங் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒற்றையாகப் போட்டால் அந்த உதறல் நேரே கியர்பொக்ஸுக்குத்தான் போகும்.

இரண்டாம் தடவை செய்த வேலையைச் சொல்லி முடிக்கிறேன். பழைய கம்பனி ஃபிளைவீலை வீட்டுப் பரணிலிருந்து எடுத்து, துரு நீக்கி, லேத்தில் முகம் எடுத்தோம். 212 மில்லிமீற்றர் சாதாரண ஓர்கானிக் பிளேட், கம்பனி அழுத்தத்தில் கவர். ரிலீஸ் பெயரிங்கோடு ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பெயரிங்கையும் மாற்றச் சொன்னேன். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், பிறகு அது கிரீச்சிட்டால் மறுபடி கியர்பொக்ஸ் இறக்க வேண்டும். கிராங்கின் பின் ஒயில் சீலும் புதிது. ஒயில் பட்ட பிளேட்டை எந்தச் செட்டாலும் காப்பாற்ற முடியாது. ஃபிளைவீல் போல்ட்டுகளை டோர்க் ரென்ச்சில் 118 நியூட்டன் மீற்றருக்கு, குறுக்குக் குறுக்காக, மூன்று சுற்றில் இறுக்கினார் பாஸ். முதல் தடவை அவர் ரென்ச் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, நானும் கேட்கவில்லை.

புதிய பிளேட்டை முதல் 800 கிலோமீற்றர் மெதுவாக, நின்று நின்று, பாரம் கொடுக்காமல் ஓட்டிப் பழக்க வேண்டும் என்றார். நம் ஊரில் சமதரைக்கு எங்கே போவது? இரண்டு வாரம் வேலைக்கு பஸ்ஸில் போனேன். லீவு நாளில் விடியற்காலை பனியோடு காரை மெதுவாக ஏற்றி, கிரகரி வாவிப் பக்கம் சமனான ரோட்டில் போய் நின்று, கிளம்பி, மறுபடி நின்று கிளம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் குதிரை வைத்திருக்கும் பையன் ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, கார் பழகுறீங்களா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.