அக்காவுக்குப் போட்ட மரப்பு ஊசி

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் கோவைக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு இரைப்பைச் சுருக்க அறுவை சிகிச்சை, துணைக்கு நான்தான்.

அக்காவின் எடை 118 கிலோ. சர்க்கரையோடு, தூக்கத்தில் மூச்சு அடைத்துத் திடுக்கிட்டு விழிக்கும் தொந்தரவும் உண்டு. முதல் நாள் மாலை மயக்க மருத்துவர் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அறுவைக்குப் பின் வலிக்கு மார்ஃபின் வகை மருந்தைத் தாராளமாகக் கொடுத்தால் உங்களுக்கு இரவில் மூச்சு மந்தமாகிவிடும். அதனால் வயிற்றுச் சுவருக்கு வரும் நரம்புகளையே மரக்கச் செய்துவிடுகிறோம்" என்றார். மயக்கத்தில் இருக்கும்போதே, ஸ்கேனில் பார்த்தபடி, விலா எலும்பின் கீழ் ஓரமாகத் தசை அடுக்குகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் மருந்தைச் செலுத்துவார்களாம். 'டேப் பிளாக்' என்று பெயர். அந்த ஸ்கேன் கருவியையும், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தே வைத்திருக்க வேண்டுமாம். கருவின் பாலினம் இங்கே பார்ப்பதில்லை என்ற பலகை அறுவை அரங்கின் வாசலில் ஏன் தொங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

காலை ஒன்பது மணிக்கு உள்ளே போன அக்கா, மாலை ஐந்து மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க அன்றே நடந்தாக வேண்டும். வலியில் சுருண்டு கிடப்பவரை எப்படி எழுப்பி நடத்துவது? இந்த ஊசியின் அருமையை அங்கேதான் கண்டேன்.

ஆனால் இரவை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. மரப்பு பாதி நாளில் தேய்ந்துவிடும் என்பது தெரிந்த சங்கதி. அது தேயும் முன்பே பாரசிட்டமால் டிரிப் ஏறியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டிலோ 'தேவைப்பட்டால்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு மணிக்கு அக்கா முனக ஆரம்பித்தாள். டிரிப் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதோடு இடது தோளில் குத்தல். "தம்பி, நெஞ்சு வலியா இது?" என்று அவள் கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. பணி மருத்துவர் ஓடிவந்து ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி என்றார். வயிற்றுச் சுவரில் போட்ட ஊசி அதைத் தொடாது. இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது.

காலையில் மயக்க மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். 'தேவைப்பட்டால்' என்பதை அடித்துவிட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அவரே எழுதினார். அடுத்த இரவு அக்கா விடியும்வரை தூங்கினாள்.