மூன்று நாள் தைலம் தேய்த்த வலி முதுகு வலியே இல்லை

ஊருக்கு வந்து இறங்கிய மறுநாளே வலது பக்கம் பிடித்துக்கொண்டது. 16 மணி நேரம் விமானத்தில் முடங்கிக் கிடந்தது, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காதது, பெட்டிகளைத் தூக்கியது, எல்லாம் சேர்ந்து முதுகைப் பிடித்திருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அம்மா தைலம் தேய்த்தார். மருந்துக் கடையில் கேட்டதும் வலி மாத்திரையை எடுத்து நீட்டினார்கள், சிறுநீர் எப்படிப் போகிறது என்று ஒரு கேள்வி கிடையாது.

அடுத்து பிசியோதெரபி. அங்கே ஒரு தம்பி முதுகுத் தசையை இஞ்ச் இஞ்சாக அழுத்தி, "இங்க வலிக்குதாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எங்குமே வலிக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், இருவருமே கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வலி அலையாகக் கிளம்பியது. படுத்தாலும் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன், வாந்தி வேறு, வலி விலாவுக்குப் பின்னாலிருந்து முன்பக்கமாக இறங்கித் தொடை இடுக்கு வரைக்கும் போனது.

காலையில் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டது, குனிந்தால் கூடுகிறதா, படுத்தால் குறைகிறதா என்று. இரண்டும் இல்லை. கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, ஓர் உள்ளங்கையை வைத்து அதன் மேல் மறு கை முஷ்டியால் லேசாகத் தட்டினார். துள்ளிவிட்டேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான். தசைப்பிடிப்பு என்றால் அசையும்போது கூடும், ஏதாவது ஒரு நிலையில் கொஞ்சமாவது அடங்கும், பெரும்பாலும் இடுப்புப் பக்கம்தான் இருக்கும், நரம்பு அழுந்தினால் பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும். சிறுநீரகம் அதற்கு மேலே, பாதி விலாவுக்குள் இருக்கிறது. சிறுநீரகக் கல், சிறுநீர் இறங்கும் குழாயை அடைத்துச் சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏறும்போது வலிப்பதால், நாம் எப்படிப் புரண்டு படுத்தாலும் அதற்குக் கவலை இல்லை. கூடவே குளிர் காய்ச்சல் வந்தால் கிருமி தொற்றியிருக்கலாம், அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதே மாதிரி, முதுகு வலியோடு கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அதுவும் அவசரம்தான், ஆனால் அது தண்டுவட நரம்பு சம்பந்தப்பட்டது.

யூரின் டெஸ்டில் ரத்த அணுக்கள் இருந்தன, கண்ணுக்கு நிறம் மாறவே இல்லை. ஸ்கேன் சென்டரில்தான் கடுப்பு. சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள், அந்த வலியோடு! அல்ட்ராசவுண்டில் வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருப்பது தெரிந்தது, கல் தெரியவில்லை. குழாய்க்குள் இருக்கும் கல் அதில் பல சமயம் தப்பிவிடுமாம். சாய மருந்து போடாத சிடி ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் கல் பிடிபட்டது. படங்களை ஒரு டிஸ்க்கில் கேட்டு வாங்கிக்கொண்டேன், நீங்களும் கேளுங்கள், திரும்பிப் போனதும் அங்கே உள்ள டாக்டர் அறிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட மாட்டார்.

இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும் என்றார் டாக்டரம்மா. கடை மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். கல் வலிக்கு அவர்களும் அதே வகை மருந்தைத்தான் தருவார்களாம், ஆனால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போதோ சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும்போதோ அது சிறுநீரகத்தையே கெடுக்கும், அதனால் கேட்காமல் போடாதீர்கள் என்றார்.

இதைக் கேட்டதிலிருந்து சித்தப்பா தன் பத்து வருட இடுப்பு வலியும் கிட்னிதான் என்று கிளம்பிவிட்டார். அவருக்குக் குனிந்தால்தான் வலிக்கும். சிறுநீரகம் மெதுவாகப் பழுதடைகிற நோயில் பெரும்பாலும் வலியே இருக்காது, அதை ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவுப் பொருளும் சிறுநீரில் புரதமும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்று சொல்லிப் பார்த்தேன், இன்னும் பயந்துவிட்டார்.

ஆறாம் நாள், சிறுநீரைப் பிடித்த வடிகட்டியில் கல் விழுந்தது. எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்தது வராமல் பார்க்க முடியுமாம். முடிவு வருவதற்குள் எனக்கு விமானம். அதனால் சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.